கூறு போட்ட மாத்திரை

எம்.ரெட்டியபட்டியில் தீபாவளிக் கறிக்குக் கூறு போடுவதென்றால் அது கோட்டைச்சாமி கையால்தான் நடக்க வேண்டும். நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து ஆடு பிடித்து, அறுத்து, தார்ப்பாயை விரித்துக் கறியைக் கொட்டிவிட்டு, "அவுக வரட்டும்" என்று கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். மனுஷன் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார் என்றால் எலும்பும் கொழுப்பும் எல்லாக் கூறிலும் ஒன்றுபோல விழும். ஈரலை நகத்தளவு நறுக்கியாவது ஒவ்வொரு கூறின் தலையிலும் ஒரு துண்டு வைத்துவிடுவார். பிறகு ஒருவரை முதுகு காட்டித் திரும்பி நிற்கச் சொல்லி, ஒரு கூறைத் தொட்டு "இது யாருக்கு?" என்பார். திரும்பி நிற்பவர் வாயில் எந்தப் பெயர் வருகிறதோ அவருக்கு அந்தக் கூறு. கூறு போட்டவருக்குக் கடைசிக் கூறு. இத்தனை வருஷத்தில் எந்த வீட்டிலிருந்தும் ஒரு முணுமுணுப்பு வந்ததில்லை. அந்தப் பெருமை கோட்டைச்சாமிக்கு உண்டு. கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

பெருமையோடு சேர்ந்து வயிறும் அதிகம். மல்லியும் பருத்தியும் போடுகிற சம்சாரிதான், ஆனால் காட்டுக்குப் போக பைக்கு, உழுவதற்கு டிராக்டர், மருந்தடிக்க ஆள் என்று ஆனபிறகு காலுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. அவர் பைக்கில் வந்தால் பெட்ரோல் டேங்கின்மேல் வயிறு தனி ஆளாக உட்கார்ந்து வரும். சர்க்கரை எல்லையில் நிற்கிறது, எடையைக் குறையுங்கள் என்று அருப்புக்கோட்டை டாக்டர் சொல்லி இரண்டு வருஷமாயிற்று. எல்லையில்தானே நிற்கிறது, உள்ளே வந்துவிடவில்லையே என்று கோட்டைச்சாமி அதை அப்படியே விட்டுவிட்டார்.

இந்த நிலைமையில்தான் வீரசோழன் ஊர்க்காரர் சின்ன மீரான் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மல்லியும் மிளகாயும் வாங்கி விற்கிற மண்டிக்காரர். கோட்டைச்சாமி வீட்டு மல்லி வேறு மண்டி பார்த்ததில்லை. இருவருக்குள்ளும் மச்சான் முறை. மகள் ஆசிபா காலேஜில் ஊட்டச்சத்து சம்பந்தமாக ஆராய்ச்சிப் படிப்புப் படிக்கிறாள்.

"மச்சான், எம்மக படிப்புக்கு ஆளு வேணும்" என்றார் சின்ன மீரான்.

"என்ன மாதிரி ஆளு? சீக்காளியா?"

"சீக்கெல்லாம் வேண்டாம். குண்டா இருக்கணும், அவ்வளவுதான்."

கோட்டைச்சாமி தன் வயிற்றைப் பார்த்தார். சின்ன மீரானும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்குத்தான் ஒங்கிட்ட வந்தேன்னு நெனைக்காத. ஊருக்குள்ள நீ சொன்னா நாலு பேரு கேப்பாக, அதுக்கு வந்தேன்."

"ஏலே, ரெண்டுக்கும் சேத்துத்தான் வந்திருக்க" என்று சிரித்த கோட்டைச்சாமி, ஆசிபாவைப் பார்த்துச் சொன்னார்: "தாயி, ஆளு சேக்குறது என் வேலை. ஒன் காரியம் ஒரு கொறையும் இல்லாம முடியும். இது மாமன் வாக்கு."

சொன்னபடி ஆள் சேர்த்தார். மோட்டார் காயில் கட்டுகிற ஜெகதீஸ்வரன், இட்லிக் கடை மாரீஸ்வரி என்று ஊரில் கனத்தவர்கள் ஒருவர் பாக்கியில்லை. கோட்டைச்சாமியின் மனைவி முருகலட்சுமியும் பேர் கொடுக்க வந்தாள். எடை போதவில்லை என்று ஆசிபா திருப்பி அனுப்பியதில் அவளுக்கு ஒரு வாரம் சந்தோஷம்.

பள்ளிக்கூடத்து மரத்தடியில் வைத்து ஆசிபா விளக்கம் சொன்னாள்.

"நாம வேகமா நடக்கும்போது உடம்புக்குள்ள ஒரு மாதிரி துருப் பிடிக்குதுன்னு வச்சுக்கங்க. அந்தத் துருவத் தடுக்குற சத்துக்கு ஆன்டிஆக்ஸிடன்ட்னு பேரு. வைட்டமின் சி, வைட்டமின் இ எல்லாம் அந்த வகை. கடையில மாத்திரையா விக்கிறாக. நடக்கவும் செஞ்சு, இந்த மாத்திரையும் சாப்பிட்டா பலன் கூடுமா, இல்ல நடையால வார பலனையே மாத்திரை அமுக்கிப்புடுமா? ரெண்டு கட்சியும் இருக்கு. நம்ம பக்கத்து ஆளுகளுக்கு எப்படின்னு பாக்கத்தான் இந்த ஆராய்ச்சி."

"துருவத் தடுக்குறது நல்லதுதான? அது எப்படிம்மா பலன அமுக்கும்?" என்று கேட்டார் ஜெகதீஸ்வரன்.

"கொஞ்சம் துரு பட்டாத்தான் உடம்பு தானா தன்னைத் தேத்திக்கிரும்னு ஒரு கட்சி சொல்லுது. நெசமா இல்லையான்னு தெரியல. தெரிஞ்சா நான் ஏன் ஒங்கள நடக்கச் சொல்றேன்?"

சில பேருக்குச் சத்து மாத்திரை வரும், சில பேருக்கு வெறும் மாவு மாத்திரை வரும், பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும் என்றாள். யாருக்கு எது என்று அவளுக்கே தெரியாதாம். காலேஜில் அந்த விவரத்தைக் கவருக்குள் போட்டு ஒட்டி வைத்திருக்கிறார்களாம், எல்லாம் முடிந்தபிறகுதான் பிரிப்பார்களாம். "அவங்கவங்க பேரு போட்ட பாட்டில அவங்கவங்கதான் சாப்பிடணும்" என்பதை மட்டும் இரண்டு தரம் சொன்னாள். எல்லோரும் இரண்டு தரம் தலையாட்டினார்கள்.

மார்கழிக் குளிரில் நடை தொடங்கியது. விடிந்தும் விடியாமல் கண்மாய்க்கரையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, மூச்சு வாங்க, பேசினால் வார்த்தை உடைகிற வேகத்தில் நடக்க வேண்டும். பிறகு பள்ளிக்கூடத்து பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும். பாலவனத்தம் மாதிரி ஆராய்ச்சி நடக்கிற மற்ற ஊர்களுக்கும் போக வேண்டியிருந்ததால், சில நாள்தான் முதல் பஸ்ஸில் ஆசிபா வருவாள். அவள் வராத நாளில் விசில் கோட்டைச்சாமி வாயில் இருக்கும். முதல் வாரம் தொடையெல்லாம் கழன்றுவிடும்போல வலித்தது. கொஞ்ச நாளில், மாடிப்படி ஏறும்போது முழங்கால் வலித்துத் தன்னைக் கூப்பிடவில்லை என்பதைக் கோட்டைச்சாமி கவனித்தார். இறங்கி, மறுபடி ஏறிப் பார்த்தார். அப்போதும் கூப்பிடவில்லை. அன்றைக்கு அவருக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது.

தகராறு ஜெகதீஸ்வரனின் சட்டையில் ஆரம்பித்தது. இரண்டாம் மாதத்தில் அவர் சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. மாரீஸ்வரிக்கோ ஒரு சுற்றும் இறங்கவில்லை.

"அவருக்குச் சத்து மாத்திரை, எனக்கு மாவு மாத்திரை. இது தெரியாதா?" என்று அவள் கண்மாய்க்கரையிலேயே நின்றுவிட்டாள். "கடைக்கு மாவாட்டுறது பத்தாதுன்னு மாவையே முழுங்குறேனா நான்?"

அவள் கடையில் ஓர் இட்லி விற்பதற்குள் எத்தனை வடை அவள் வாய்க்குள் போகிறது என்று ஜெகதீஸ்வரன் கேட்க, பேச்சு எங்கெங்கோ போய்விட்டது. மறுநாள் மாரீஸ்வரி வரவில்லை. அவளோடு வருகிற பெண்களும் வரவில்லை. "எனக்கும் மாவுதான் வந்திருக்கு, வாயில போட்டாலே தெரியுது" என்று ஆண்களிலும் சிலர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். கரையில் ஆள் குறையக் குறையக் கோட்டைச்சாமி விசிலை ஊதி ஊதிப் பார்த்தார். ஆசிபாவுக்குக் கொடுத்த வாக்கு கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது. வேறு எவனாக இருந்தாலும் அந்தப் பெண்ணிடம் போய்ச் சொல்லியிருப்பான். கோட்டைச்சாமிக்குத்தான் எல்லா வழக்குக்கும் ஒரே தீர்ப்பு தெரியுமே.

அடுத்த மாதத்துக்கான பாட்டில்களைக் கொடுத்துவிட்டு ஆசிபா பஸ் ஏறிய சாயங்காலமே எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்கு வரவழைத்தார். மாரீஸ்வரி கடையிலிருந்து பெரிய எவர்சில்வர் தாம்பாளம் வந்தது. கையைக் கழுவித் துடைத்துவிட்டு, அத்தனை பாட்டிலையும் திறந்து அதில் கொட்டினார்.

"இந்தா பாருங்க. இதுல சத்தும் கெடக்கு, மாவும் கெடக்கு. கலந்துட்டா எல்லாருக்கும் ரெண்டும் வரும். ஒருத்தன் கொடுத்து வச்சவன், ஒருத்தன் ஏமாந்தவன்னு பேச்சு இருக்கக் கூடாது."

"அவங்கவங்க பாட்டில அவங்கவங்கதான்னு அந்தப் பிள்ள சொல்லுச்சே?" என்று ஒரு குரல் இழுத்தது.

"இப்ப ஒம் பாட்டிலுக்குள்ளதான போடப்போறேன்? ஒம் பேருதான ஒட்டியிருக்கு?" என்றார் கோட்டைச்சாமி. அந்த நியாயம் அன்றைக்கு எல்லோருக்கும் சரியாகப் பட்டது.

வேட்டியை விரித்துக் கூறு போட்டார். மாரீஸ்வரி முதுகு காட்டி நின்றாள். "இது யாருக்கு?" என்று கேட்கக் கேட்கப் பெயர் சொன்னாள். கடைசிக் கூறைக் கோட்டைச்சாமி எடுத்துக்கொண்டார். மறுநாள் கண்மாய்க்கரை நிறைந்துவிட்டது. அவருக்கு வந்த பெருமையில் ஒரு பத்தடி கூடுதலாகவே நடந்தார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மாதக் கடைசியில் பாட்டில்களைத் திருப்பிக் கொடுக்கும்போது சிலரிடம் மிச்சம் அதிகமாக இருந்தது. மறந்தவன் மட்டும் அந்தப் பிள்ளையிடம் பேச்சு வாங்குவானேன் என்று, மிச்சத்தையும் கொட்டிக் கூறு போட்டு எல்லோர் பாட்டிலிலும் சமமாகப் போட்டுவிட்டார். அந்த மாதம் ஆசிபாவின் தோழி வந்து பாட்டில்களை ஒரு பைக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டு போனாள், எதையும் திறக்கவில்லை. ஒருத்தரும் மூச்சு விடவில்லை.

பங்குனி பிறந்ததும் மல்லி லோடு ஏற்றிக்கொண்டு கோட்டைச்சாமி வீரசோழனுக்குப் போனார். மண்டியில் சின்ன மீரான் டீ வரவழைத்துக் கொடுத்து, மகள் பேச்சை எடுத்தார்.

"எம்மக கொடுத்து வச்சவ மச்சான். இன்னும் கொஞ்ச நாள்ல முடிஞ்சிரும். அவகூடப் படிக்கிற இன்னொரு பிள்ள, பாவம், வேற எங்கயோ இதே மாதிரி ஒரு மாத்திரை குடுத்துப் பாத்திருக்கு. வாங்குனவுக பூராம் தங்களுக்குள்ள மாத்தி மாத்தித் தின்னுருக்காக. யாரு எதத் தின்னாகன்னு தெரியாமப் போச்சு. மொத்தமும் குப்பைக்கு. அந்தப் பிள்ள மூணு நாளாச் சோறு தண்ணி இல்லாம அழுதிருக்கு. மறுபடி மொதல்லருந்து ஆரம்பிக்கணுமாம்."

கோட்டைச்சாமி பாதி டம்ளரை அப்படியே வைத்துவிட்டு, டிரைவர் காத்திருக்கிறான் என்று ஒரு பொய்யைச் சொல்லி எழுந்து வந்துவிட்டார்.

வண்டியில் வரும் வழியெல்லாம் ஒரே யோசனைதான். அவர் கறிக்குக் கூறு போட்டபோது கெட்டுப்போக அதில் ஒன்றும் இல்லை. ஆடு செத்துப்போயிற்று, இனி யார் வயிற்றுக்குப் போனால் அதற்கென்ன? இந்த மாத்திரைக்குள் ஒரு பெண்ணின் படிப்பல்லவா இருந்தது! யார் எதைச் சாப்பிட்டார் என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டிய ஒரே விஷயம். அதைத்தான் தேடிப் பிடித்துக் கலக்கி வைத்திருக்கிறார். ஊர் மெச்சிய தன் கைகளை மடியில் வைத்துப் பார்த்தார். முதல் தடவையாக அவற்றின்மேல் அவருக்குக் கோபம் வந்தது.

வீட்டுக்கு வந்து முருகலட்சுமியிடம் சொன்னார். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"சொல்லிப்புடுங்க" என்றாள்.

"சொன்னா அந்தப் பிள்ள படிப்பு போச்சு. மீரான் மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

"சொல்லாட்டி மட்டும் கலந்தது பிரிஞ்சிருமா?"

சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் யோசித்துப் பார்த்தார். தப்பான கணக்கை அந்தப் பெண் சரியென்று நம்பி எழுதுவாள். அதை எங்கேயோ ஒருவன் படித்துவிட்டு மாத்திரையை வாங்கித் தின்பான், அல்லது தூக்கி எறிவான். தெரிந்தே ஒரு கோணல் கூறைப் போட்டு ஊரறியாத ஆளுக்கெல்லாம் அனுப்பி வைப்பது மாதிரிதான் அது. அதை அவரால் செய்ய முடியாது. சொல்லவும் வாய் வரவில்லை. அந்த நாட்களில் அவர் நடந்த நடையில் எடை இறங்கியது என்றால் பாதி பயத்தால் இறங்கியது என்றுதான் சொல்ல வேண்டும்.

கடைசிச் சோதனைக்கு ஆசிபா வந்த காலையில், எல்லோரும் வெறும் வயிற்றோடு பள்ளிக்கூடத்தில் கூடியிருந்தார்கள். ரத்தம் எடுக்க காலேஜிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். தோழி அள்ளிக்கொண்டு போய் இதுவரை எண்ணாமல் கிடந்த பாட்டில்களை மேஜையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாகத் தட்டில் கொட்டி எண்ணிக்கொண்டே வந்தாள் ஆசிபா. வர வர அவள் புருவம் சுருங்கியது. கடைசிப் பாட்டிலையும் எண்ணிவிட்டுத் தலைநிமிர்ந்தாள்.

"என்ன மாமா இது? எல்லாரு பாட்டில்லயும் மிச்சம் ஒண்ணுபோல இருக்கு. ஊரே சொல்லி வச்சு ஒரே நாள்லயா மறந்தீக?"

மாரீஸ்வரி முகட்டைப் பார்த்தாள். ஜெகதீஸ்வரனுக்குத் திடீரென்று தண்ணீர் தவித்துவிட்டது, குழாயடிக்குப் போய்விட்டார். கோட்டைச்சாமி பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"தாயி, நான்தான். நான் கூறு போட்டுட்டேன்."

"எதை?"

"மாத்திரைய."

ஒன்றையும் விடாமல் சொன்னார். மாரீஸ்வரி கோபித்துக்கொண்டது, தாம்பாளத்தில் கலந்தது, மிச்சத்தையும் பங்கு போட்டது, மண்டியில் அந்த இன்னொரு பெண்ணின் கதையைக் கேட்டபிறகும் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தது எல்லாவற்றையும் சொன்னார். "இவுக மேல தப்பு இல்ல. நான் சொன்னேன், அவுக கேட்டாக. ஒன் அத்தாவுக்கு நானே போன் போட்டுச் சொல்றேன். மறுபடி மொதல்லருந்து நடக்கச் சொன்னாலும் நடக்குறோம். இன்னொரு வருசம் ஆனாலும் சரி. நீ மட்டும் அழுதுறாத தாயி." சொல்லி முடிக்கும்போது அழுதது அவர்தான்.

ஆசிபா அழவில்லை. பேனாவைக் கெட்டியாகப் பிடித்தபடி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"வேற ஊரு மாத்திரை இதுல கலந்துச்சா மாமா? இங்க உள்ளது ஒண்ணாவது வெளியூருக்குப் போச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இல்ல தாயி. ஊரெல்லையத் தாண்டல. எங்களுக்குள்ளதான்."

"சொந்தக்காரவுக, பொண்ணு குடுத்த எடம், யாருக்கும் குடுக்கலையே?"

அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். குழாயடியிலிருந்து வாயைத் துடைத்துக்கொண்டு வந்த ஜெகதீஸ்வரனும் ஆட்டினார். அப்போதுதான் அவள் பேனாவைக் கீழே வைத்தாள். இழுத்துப் பிடித்த மூச்சை விட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கினாள். அழுகிறாள் என்றே கோட்டைச்சாமி நினைத்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, ஒக்காருங்க. ஒண்ணும் கெடல."

"என்னது?"

"ஒங்க ஊருக்கு வந்த பாட்டில் அத்தனையிலயும் ஒரே மாத்திரைதான். சத்துன்னா எல்லாம் சத்து, மாவுன்னா எல்லாம் மாவு. பாலவனத்தத்துக்கு ஒரு மாதிரி, இன்னொரு ஊருக்கு ஒரு மாதிரின்னு, சீட்டுக் குலுக்கி ஊருக்கு ஒண்ணா விட்டிருக்கு. எந்த ஊருக்கு எதுன்னு எனக்கும் தெரியாது. ஆனா ஒரு ஊருக்குள்ள ரெண்டு வகை இல்ல. நீங்க தாம்பாளத்துல போட்டுக் கலக்குனது ஒண்ணையும் ஒண்ணையுமேதான்."

கோட்டைச்சாமிக்கு அது காதில் விழுந்து மண்டைக்குள் போய்ச் சேரக் கொஞ்சம் நேரம் பிடித்தது. போய்ச் சேர்ந்ததும் பொத்தென்று பெஞ்சில் உட்கார்ந்தார். நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்திருந்த யாரோ எழுந்து போனதுபோல இருந்தது. "ஆத்தாடி" என்றார். இன்னொரு தரம் "ஆத்தாடி" என்றார். பக்கத்தில் நின்ற மாரீஸ்வரிக்கு மட்டும் வேறு கவலை.

"அப்ப இவருக்கும் எனக்கும் ஒரே மாத்திரையா?" என்று ஜெகதீஸ்வரனைக் காட்டிக் கேட்டாள். "பெறகு எப்படி இவரு மட்டும் எளச்சாரு?"

"அத நீ ஒங் கடை வடைகிட்டதான் கேக்கணும்" என்றார் ஜெகதீஸ்வரன். இந்தத் தடவை மாரீஸ்வரியும் சேர்ந்துதான் சிரித்தாள்.

"மொத்தமும் தப்பிச்சீகன்னு நெனைக்காதீக" என்று ஆசிபா குரலைக் கொஞ்சம் உயர்த்தினாள். "மிச்சத்தக் கலந்தீகள்ல, அது தலவலிதான். யாரு ஒழுங்காச் சாப்பிட்டா, யாரு மறந்தான்னு பாட்டிலப் பாத்துத் தெரிஞ்சுக்க முடியாது. இப்படி நடந்து போச்சுன்னு நான் உள்ளது உள்ளபடி எழுதித்தான் ஆகணும். நல்லவேளை, ரத்தத்துலயும் ஓரளவு தெரியும். நீங்களும் ஒளிக்காமச் சொல்லிருங்க. யாரையும் திட்ட மாட்டேன்."

ஒவ்வொருவராக வந்து சொன்னார்கள். ஒருவர் மச்சினன் கல்யாணத்துக்குப் போன வாரம் முழுக்கச் சாப்பிடவில்லை. ஒருத்தி விரத நாளில் மாத்திரை போடலாமா கூடாதா என்று தெரியாமல் விட்டிருக்கிறாள். பேர் மட்டும் ஒழுங்காக எழுதிக்கொண்டு ஆசிபா எதற்கும் முகம் சுளிக்கவில்லை. மறந்ததைச் சொல்லிவிட்டு வந்தவர்களைப் பார்த்தால், பாட்டிலை நிரப்பி ஏமாற்றிய அன்றைக்கு இருந்ததைவிட முகம் தெளிவாக இருந்தது.

கோட்டைச்சாமி முறை வந்தது. எடை நன்றாக இறங்கியிருந்தது. ரத்தம் எடுக்கக் கையை நீட்டியபடி கேட்டார்.

"தாயி, ஊருக்கு ஒரு மாத்திரைன்னு மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல? இத்தன நாளா நான் செத்துச் செத்துப் பொழச்சிருக்கேன்."

"நீங்க இப்படி மனசுக்குள்ள வச்சுக்கிட்டுத் திரியிறீகன்னு எனக்கு எப்படித் தெரியும் மாமா?" என்றாள் ஆசிபா. சொல்லும்போதே அவளுக்கும் பாவமாக இருந்தது. "நெசத்தச் சொல்லட்டுமா? மொதல்ல ஆளுக்கு ஒரு மாதிரி குடுக்குறதாத்தான் திட்டம். இத அத்தாகிட்டச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சாக. ‘கோட்டைச்சாமி ஊர்லயா? அவன் கையில எதக் குடுத்தாலும் சரிசமமாக் கூறு போட்டுத்தான் மறுவேலை பாப்பான். அதுக்குத் தக்கன திட்டத்த மாத்திக்க’ன்னாக. காலேஜுல போயிச் சொன்னேன், அவுகளும் யோசிச்சுப் பாத்துட்டு ஊருக்கு ஒண்ணுன்னு மாத்திட்டாக."

ஊசி ஏறியதே கோட்டைச்சாமிக்குத் தெரியவில்லை. மகளின் படிப்புத் திட்டத்தையே மாற்றுகிற அளவுக்குத் தன்மேல் இப்படி ஒரு நம்பிக்கையா என்று அவருக்கு நெஞ்சு நிறைந்தது. இத்தனையும் தெரிந்துகொண்டு மண்டியில் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தானே என்று அடுத்த நொடியே கோபமும் வந்தது. பஞ்சைக் கையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, மரத்தடியில் நின்று போனைப் போட்டார்.

"ஏலே மீரானு, அன்னைக்கு மண்டியில அந்தப் பிள்ள கதையச் சொன்னியே, என் மூஞ்சியப் பாத்தும் ஒனக்குத் தெரியலையா?"

"தெரியாமலா? டீய வச்சுட்டு எந்திரிச்சுப் போனியே, அப்பவே தெரிஞ்சுபோச்சு, நீ கூறு போட்டுட்டன்னு."

"அப்பவாவது சொல்லலாம்ல, ஊருக்கு ஒரே மாத்திரைதான்டான்னு?"

அந்தப் பக்கம் மிளகாய்ச் சாக்கு எடை போடுகிற சத்தம் கேட்டது. அதற்கு மேலே சின்ன மீரானின் சிரிப்பும் கேட்டது.

"சொல்லியிருந்தா நீ என்ன செஞ்சிருப்ப மச்சான்? பாலவனத்தத்துக்காரவுக மட்டும் ஏமாறலாமான்னு தாம்பாளத்தத் தூக்கிக்கிட்டு அங்க போயிருப்ப."

மறுத்துப் பேசுவதற்காகக் கோட்டைச்சாமி வாயைத் திறந்தார். ஆனால் முதல் பஸ்ஸுக்கே போயிருப்போம் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.